எஸ்டோனியா: நீங்கள் கேட்டவை

எஸ்டோனியாவின் டார்ட்டு நகரத்திலிருந்து சென்ற இதழில் நான் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். நான் இங்கே ஆய்வுக்கூட வேலைக்கு வந்தவள். இந்த ஊர்க்காரர்களோடு பழகி, அவர்கள் மொழியையும் கற்றுக்கொண்டேன்.

கேள்வி (கல்லூரி மாணவி ஒருவர்): எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றும் எப்போதும் சேர்ந்தே வருகின்றன. எஸ்டோனியா எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது?

பால்டிக் கடலின் கிழக்குக் கரையில் மேலிருந்து கீழாக நீங்கள் சொன்ன அதே வரிசையில்தான் மூன்றும் இருக்கின்றன. எஸ்டோனியா வடக்கு ஓரம். தலைநகர் தாலினில் கப்பல் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஹெல்சின்கி. கிழக்கே ரஷ்யா, தெற்கே லாட்வியா. பரப்பளவு 45,000 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். மக்கள்தொகை ஏறத்தாழ 13.7 லட்சம், அதில் மூன்றில் ஒரு பங்கு தாலினிலேயே இருக்கிறது.

மலை என்று சொல்ல ஒன்றும் கிடையாது. நாட்டின் உச்சியான சூர் முனமாகி 318 மீட்டர்தான், ஆனாலும் மூன்று பால்டிக் நாடுகளிலும் அதுதான் உயரம். பாதி நாடு காடு. கடலில் 2,000-க்கும் மேற்பட்ட தீவுகள். சாரேமா, ஹீயுமா இரண்டும் பெரியவை, மற்றவற்றில் பெரும்பாலானவற்றில் ஆளே இல்லை.

எனக்குப் பிடித்தது இங்குள்ள சதுப்பு நிலங்கள். பல மீட்டர் ஆழத்துக்குப் பாசி மட்கிப் படிந்து கிடக்கும். அதன் மேல் பலகை நடைபாதை போட்டிருப்பார்கள். பலகையை விட்டுக் கால் வைத்தால் தரை மெத்தென்று அமுங்கி, காலணிக்குள் பழுப்புத் தண்ணீர் ஏறும். குட்டை குட்டையாக நிற்கும் பைன் மரங்களைப் பார்த்தால் கன்று போலிருக்கும், வயதோ நூற்றைத் தாண்டியிருக்கும். செப்டம்பர் முடிவில் வாளியோடு குருதிநெல்லிப் பழம் (கிரான்பெர்ரி) பறிக்க ஊரே இறங்கிவிடும்.

மூன்று நாடுகளையும் சேர்த்துச் சொல்லக் காரணம் 20-ஆம் நூற்றாண்டு வரலாறு. மொழியில் எஸ்டோனியர்கள் பின்லாந்துக்காரர்களுக்கு நெருங்கிய சொந்தம், ஹங்கேரிக்காரர்களுக்குத் தூரத்துச் சொந்தம். லாட்விய மொழியோடும் ரஷ்ய மொழியோடும் இவர்கள் மொழிக்கு உறவே இல்லை.

கேள்வி (வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்): சோவியத் யூனியன் உடைந்தபோது 1991-இல் பிறந்த புதிய நாடுகளில் ஒன்றுதானே இது?

இல்லை ஐயா. எஸ்டோனியாவைப் புரிந்துகொள்ள இந்த ஒரு விஷயம்தான் திறவுகோல் என்பேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்குள்ளவர்களைக் கேட்டால் 1991-இல் புதிய நாடு எதுவும் பிறக்கவில்லை என்பார்கள். 1918-இல் அமைந்த குடியரசு 1940-இல் ஆக்கிரமிக்கப்பட்டது, 1991-இல் மீண்டும் செயல்படத் தொடங்கியது. சட்டப்படி அது ஒருநாளும் இல்லாமல் போகவில்லை. அரசின் நிலைப்பாடும் அதுவே.

முன்கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1219-இல் டென்மார்க் மன்னர் இரண்டாம் வால்டெமார் தாலினைப் பிடித்தார். 1346-இல் டென்மார்க் வடக்கு எஸ்டோனியாவை 19,000 வெள்ளி மார்க்குக்கு ஜெர்மானியப் போர்வீரத் துறவியர் சங்கத்துக்கு விற்றுவிட்டது, மக்களோடு சேர்த்து. அப்புறம் ஸ்வீடன் வந்தது. 1710-இல் ரஷ்யப் பேரரசு பிடித்தது. கொடி மாறிக்கொண்டே இருந்தாலும் நிலம் மட்டும் ஜெர்மானியப் பண்ணையார்கள் கையிலேயே இருந்தது. எஸ்டோனியர்கள் அவர்களுடைய பண்ணையடிமைகள். 1816-இலும் 1819-இலும்தான் பண்ணையடிமை முறை ஒழிந்தது. அதற்குப் பிறகே இவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடைத்தது.

1918 பிப்ரவரி 24 அன்று விடுதலையை அறிவித்தார்கள். ஒரு பக்கம் சோவியத் ரஷ்யாவின் செம்படை, இன்னொரு பக்கம் பால்டிக் ஜெர்மானியர் படை என்று இரண்டோடும் போரிட வேண்டியிருந்தது. 1920 பிப்ரவரி 2 அன்று டார்ட்டுவில் சோவியத் ரஷ்யா உடன்படிக்கையில் கையெழுத்திட்டு, இந்த மண்ணின் மீதான உரிமையை என்றென்றைக்கும் கைவிடுவதாக ஒப்புக்கொண்டது. கையெழுத்தான கட்டிடம் இன்று ஒரு பள்ளிக்கூடம். எஸ்டோனியத் தரப்பில் கையெழுத்திட்ட யான் போஸ்காவின் பெயரைத்தான் அந்தப் பள்ளிக்கு வைத்திருக்கிறார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து எல்லாம் போனது. 1939 ஆகஸ்ட் 23 அன்று ஹிட்லரும் ஸ்டாலினும் செய்துகொண்ட ரகசிய ஏற்பாட்டில் எஸ்டோனியா ஸ்டாலின் பங்குக்குப் போனது. 1940 ஜூனில் சோவியத் படை உள்ளே வந்தது. 1941 ஜூன் 14 அன்று ஏறத்தாழ 10,000 பேரைச் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றி அனுப்பினார்கள். ஆண்களைத் தனியே பிரித்து முகாம்களுக்கும், பெண்களையும் பிள்ளைகளையும் சைபீரியாவுக்கும் கொண்டுபோனார்கள். பிறகு மூன்றாண்டுகள் நாஜி ஆட்சி. தப்பியோட முடியாமல் இங்கே தங்கிவிட்ட ஏறத்தாழ ஆயிரம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1944-இல் சோவியத் படை திரும்பி வந்தபோது 70,000-க்கும் மேற்பட்டவர்கள் மீன்பிடிப் படகிலும் கிடைத்த கப்பலிலும் ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் ஓடினார்கள். 1949 மார்ச்சில் மறுபடியும் 20,000-க்கும் மேற்பட்டவர்களை நாடு கடத்தினார்கள். டார்ட்டுவில் எனக்குப் பழக்கமான வயதானவர்களில் இந்த இரண்டு நாடுகடத்தல்களில் ஒன்றாவது தொடாத குடும்பத்தை நான் பார்த்ததில்லை.

நாடே போன பிறகும் குடியரசின் காகிதங்களை இவர்கள் கீழே வைக்கவில்லை. 1940 ஜூலை 23 அன்று அமெரிக்கா, எஸ்டோனியாவை சோவியத் யூனியனோடு சேர்க்கும் இந்த இணைப்பை ஏற்க மாட்டோம் என்று அறிவித்தது. அதனால் நியூயார்க்கில் எஸ்டோனியத் துணைத்தூதரகம் மூடப்படாமல் இருந்தது. எர்ன்ஸ்ட் யாக்சன் என்ற தூதர் அங்கே உட்கார்ந்து, இல்லாத நாட்டின் கடவுச்சீட்டைப் பல பத்தாண்டுகள் வழங்கிக்கொண்டிருந்தார். 1953-இல் ஆஸ்லோவில் புலம்பெயர்ந்தவர்களின் அரசு ஒன்றும் அமைந்தது. 1989-இல் உள்நாட்டில் குடிமக்கள் குழுக்கள் தோன்றி, 1940-க்கு முன் குடிமக்களாக இருந்தவர்களையும் அவர்கள் வாரிசுகளையும் ஊர் ஊராகப் பதிவு செய்யத் தொடங்கின. அப்போது இன்னும் சோவியத் ஆட்சிதான்! 1992 அக்டோபரில் புலம்பெயர் அரசின் ஹெய்ன்ரிக் மார்க் தாலினுக்கு வந்து, புதிய குடியரசுத் தலைவர் லென்னார்ட் மேரியிடம் தன் பொறுப்பை முறைப்படி ஒப்படைத்தார்.

இதற்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு. பழைய குடியரசு தொடர்கிறது என்றால் பழைய சொத்துரிமையும் தொடர்கிறது. பறிக்கப்பட்ட வீடுகளும் நிலங்களும் பழைய உரிமையாளர்களின் வாரிசுகளுக்குத் திரும்பின. நியாயம்தான். ஆனால் அந்த வீடுகளில் நாற்பது ஆண்டு குடியிருந்தவர்கள் ஒரே நாளில் வாடகைதாரர்களாக ஆனார்கள். பலர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அவர்கள் செய்த தவறு என்று எதுவும் இல்லை.

கேள்வி (இசை ஆசிரியை ஒருவர்): பாட்டுப் பாடியே விடுதலை பெற்றவர்கள் என்கிறார்களே, உண்மையாகவா?

பாட்டு இல்லாமல் கிடைத்திருக்காது. பாட்டால் மட்டுமே கிடைத்தது என்பதும் சரியல்ல.

முதல் பாட்டுத் திருவிழா 1869-இல் டார்ட்டுவில் நடந்தது. பண்ணையடிமை முறை ஒழிந்த ஐம்பதாவது ஆண்டைக் கொண்டாடுவதாகச் சொல்லி, பத்திரிகை ஆசிரியர் யோஹான் வோல்டெமார் யான்சென் அனுமதி வாங்கினார். எண்ணூறுக்கும் மேற்பட்டவர்கள் பாடினார்கள், எல்லாரும் ஆண்கள். அவர் மகள் லிடியா கொய்டுலா கவிஞர். அவருடைய நாட்டுப்பற்றுக் கவிதை ஒன்றுக்கு குஸ்தாவ் எர்னெசாக்ஸ் 1944-இல் புது மெட்டமைத்தார். 1947 திருவிழாவில் முதலில் பாடினார்கள், பிறகு அது நிரலிலிருந்து நீக்கப்பட்டது. 1960 திருவிழாவில் நிரலில் இல்லாமலே மேடையிலிருந்தவர்கள் அதைத் தொடங்க, எதிரே இருந்த கூட்டமும் எழுந்து சேர்ந்து பாடியது. எர்னெசாக்ஸே மேடையேறி வழிநடத்தினார். சோவியத் காலத்தில் லெனினையும் கட்சியையும் புகழும் பாடல்களை முதலில் பாடிவிட்டுத்தான் தங்கள் பாட்டுக்கு வர முடியும். அவற்றைப் பாடிவிட்டு இதற்காகக் காத்திருந்தார்கள்.

இப்போதும் பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தாலினில் கடலைப் பார்த்த சரிவில் நடக்கிறது. சரிவின் அடியில் 1960-இல் கட்டிய பெரிய வளைவு மேடை. அதில் பாடகர்களே பல ஆயிரம் பேர் நிற்பார்கள். நான் சரிவின் நடுவில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். நீங்கள் இசை சொல்லிக்கொடுப்பவர் என்பதால் ஒரு நுணுக்கத்தைச் சொல்கிறேன். அத்தனை பேர் பாடும்போது வளைவின் ஒரு முனையிலிருந்து வரும் குரல் இன்னொரு முனைக்கு ஒரு நொடிப்பொழுது பிந்தித்தான் போய்ச் சேரும். காதால் கேட்டுப் பாடினால் தாளம் கலைந்துவிடும். அதனால் எல்லாரும் உயர்ந்த மேடையில் நிற்கும் இசை நடத்துநரின் கையை மட்டும் பார்த்துப் பாடுகிறார்கள். கை நின்றால் இருபதாயிரம் வாயும் நிற்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவர் தாழ்குரல் பாடுபவர். செவ்வாய்க்கிழமை மாலையில் எவ்வளவு வேலை இருந்தாலும் ஐந்தரைக்குக் கிளம்பிவிடுவார், குழுப்பயிற்சிக்கு. கிராமத்துக் குழுக்கள்கூடப் பாடலை மனப்பாடம் செய்து, தேர்வு கொடுத்துத்தான் அந்த வளைவில் இடம்பிடிக்க வேண்டும்.

1988 ஜூன் இரவுகளில் அதே சரிவில் ஆயிரமாயிரமாகக் கூடி, தடைசெய்யப்பட்ட நீலம் கறுப்பு வெள்ளைக் கொடியை வெளியே எடுத்தார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று அங்கே கூடியவர்கள் மூன்று லட்சம் பேர் என்கிறார்கள். நாட்டில் எஸ்டோனியர்களே பத்து லட்சம்கூட இல்லாத காலம் அது. 1989 ஆகஸ்ட் 23 அன்று, அந்த ரகசிய ஏற்பாட்டின் ஐம்பதாம் ஆண்டில், தாலினிலிருந்து லிதுவேனியத் தலைநகர் வில்னியஸ் வரை 600 கிலோமீட்டருக்கும் மேல் மூன்று நாட்டு மக்களும் கைகோத்து நின்றார்கள்.

ஆனால் மாஸ்கோ அப்போது உள்ளுக்குள் தளர்ந்திருந்தது என்பதையும், 1991 ஜனவரியில் வில்னியஸில் 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. எஸ்டோனியா 1991 ஆகஸ்ட் 20 இரவில் விடுதலையை அறிவித்தது. மறுநாள் சோவியத் படையினர் தாலின் தொலைக்காட்சிக் கோபுரத்தைப் பிடிக்க வந்தபோது, மேலே சில காவலர்களும் தொழில்நுட்ப ஊழியர்களும் மட்டும் இருந்தார்கள். லிஃப்ட் கதவிடுக்கில் ஒரு தீப்பெட்டியைச் செருகி லிஃப்ட்டை நிறுத்தினார்கள். படையினர் படியேறியே மேலே போக வேண்டியதாயிற்று. அதற்குள் மாஸ்கோவில் கோர்பச்சேவுக்கு எதிராக நடந்த ஆட்சிக்கவிழ்ப்புச் சதி தோற்றுவிட்டது. ஓர் உயிர்கூடப் போகவில்லை.

கேள்வி (சிறு தொழில் நடத்தும் வாசகர்): வெறுங்கையோடு தொடங்கிய நாடு எப்படி யூரோ நாடானது?

வெறுங்கை என்பது கிட்டத்தட்ட உண்மை. 1992-இல் விலைவாசி ஓராண்டில் பத்து மடங்குக்கும் மேல் ஏறியது. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் எரிபொருள் இல்லாமல் வீடுகள் சில்லிட்டுக் கிடந்தன. 1992 ஜூன் 20 அன்று சொந்தப் பணமான குரோன் வந்தது. ஆளுக்கு 1,500 ரூபிள் கொடுத்து 150 குரோன் வாங்கிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எட்டு குரோனுக்கு ஒரு ஜெர்மன் மார்க் என்று சட்டத்திலேயே கட்டிப் போட்டார்கள். கையிருப்பில் இருக்கும் பொன்னுக்கும் அந்நியப் பணத்துக்கும் மேல் ஒரு குரோன்கூட அச்சடிக்க முடியாது. அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? 1940-க்கு முன் பழைய குடியரசு லண்டனிலும் வேறு இடங்களிலும் பாதுகாப்பாக வைத்திருந்த ஏறத்தாழ 11 டன். மேலே சொன்ன தொடர்ச்சி என்ற வாதம் இங்கே ரொக்கமாகப் பலன் தந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் பிரதமரான மார்ட் லாருக்கு வயது 32. வரலாறு படித்தவர். இறக்குமதி வரிகளை நீக்கினார்கள். 1994-இல் எல்லாருக்கும் ஒரே 26 சதவீத வருமான வரியைக் கொண்டுவந்தார்கள். 2000 முதல் நிறுவனங்கள் லாபத்தைத் தொழிலிலேயே மறுபடி போட்டால் வரி இல்லை, வெளியே எடுத்தால்தான் வரி. தொழில் செய்கிறவருக்கு இதன் அருமை தெரியும்: வரிக்கணக்கு எளிது, இயந்திரம் வாங்கக் கையில் காசு மிஞ்சும். 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்ந்தார்கள். 2009-இல் பொருளாதாரம் ஏறத்தாழ 14 சதவீதம் சுருங்கியது. பணமதிப்பைக் குறைக்காமல் சம்பளத்தையும் செலவையும் வெட்டினார்கள், 2011 ஜனவரி 1 அன்று யூரோவுக்கு மாறினார்கள்.

எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். அரசின் கடன் ஐரோப்பிய ஒன்றியத்திலேயே மிகக் குறைவு என்று பெருமைப்படுகிறார்கள். தனியாக வாழும் ஓய்வூதியக்காரர்களின் வறுமை ஒன்றியத்திலேயே மிக அதிகமாக இருக்கும் நாடுகளில் ஒன்றும் இதுதான். 2022-இல் விலைவாசி 20 சதவீதத்தை நெருங்கி ஏறியபோது, எங்கள் மாடியில் இருக்கும் பாட்டி இரண்டு அறைகளைப் பூட்டிவிட்டு சமையலறையில் மட்டும் கணப்பைப் போட்டு அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார். இப்போது பாதுகாப்புச் செலவுக்காக வரிகள் ஏறிக்கொண்டிருக்கின்றன. 2025 ஜூலையில் மதிப்புக்கூட்டு வரி 24 சதவீதமானது.

ஏற்றுமதி என்று பார்த்தால் மரமும் மரப்பொருட்களும், இயந்திரங்கள், மின்னணுச் சாதனங்கள், கணினிச் சேவை. 2003-இல் ஸ்கைப்பின் நிரலை எழுதியவர்கள் எஸ்டோனியர்கள். அது 2025 மே மாதம் மூடப்பட்டது. ஆனால் அதில் சம்பாதித்தவர்களும் அதில் வேலை கற்றவர்களும் தொடங்கிய நிறுவனங்கள் நிற்கின்றன.

கேள்வி (மென்பொருள் துறையில் இருக்கும் வாசகர்): மின்குடியுரிமை வாங்கினால் அங்கே வந்து குடியேறலாமா?

முடியாது. 2014 டிசம்பரில் வெளிநாட்டவருக்காகத் தொடங்கிய இந்தத் திட்டம் குடியுரிமை அல்ல, வசிப்புரிமையும் அல்ல, விசாவும் அல்ல. உங்கள் அடையாளத்தை இணையத்தில் உறுதிப்படுத்தும் ஓர் அட்டை மட்டுமே. அதை வைத்து இங்கே நிறுவனம் பதிவு செய்யலாம், ஆவணத்தில் கையெழுத்திடலாம். வந்து வாழ வேண்டுமானால் வேலை அல்லது படிப்பு வழியாகத் தனியே அனுமதி பெற வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கி யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இங்கு வாழ்கிறவர்களுக்கு அட்டை எப்படிப் பயன்படுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். மருந்துச்சீட்டு, வரிக்கணக்கு, பிள்ளையின் பள்ளி, தேர்தலில் வாக்கு, எல்லாம் அதில்தான். இணைய வாக்குப்பதிவு 2005 முதல் இருக்கிறது, 2023 நாடாளுமன்றத் தேர்தலில் பாதிக்கும் மேற்பட்ட வாக்குகள் அப்படித்தான் பதிவாயின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. என் மருத்துவப் பதிவை எந்த மருத்துவர் எந்த நாளில் திறந்து பார்த்தார் என்பதை நானே உள்ளே போய்ப் பார்க்கலாம். காரணமில்லாமல் பார்த்திருந்தால் புகார் செய்யலாம், தண்டனையும் உண்டு. இந்த நம்பிக்கையும் சும்மா வரவில்லை. 2007-இல் வங்கிகளும் அரசுத் தளங்களும் இணையத் தாக்குதலில் முடங்கின. 2017-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட அட்டைகளின் சிப்பில் குறை இருப்பது தெரிந்ததும், அரசு அதை வெளியில் சொல்லி, சான்றிதழ்களை நிறுத்திவைத்து, புதுப்பிக்கச் செய்தது. மறைக்காமல் சொன்னதால்தான் மக்கள் மறுபடி நம்பினார்கள் என்பது என் எண்ணம்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்று கேட்டவர்): அங்குள்ள ரஷ்யர்கள் நடத்தப்படும் விதம் நியாயமா?

நேர்மையான கேள்வி. 1934-இல் எஸ்டோனியர்கள் மக்கள்தொகையில் 88 சதவீதம், 1989-இல் 61.5 சதவீதம். இடையில் ஆலை, சுரங்க வேலைகளுக்கு ரஷ்யாவிலிருந்தும் மற்ற சோவியத் பகுதிகளிலிருந்தும் லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள், அல்லது அனுப்பப்பட்டார்கள். கிழக்கு எல்லையில் இருக்கும் நார்வா நகரம் 1944-இல் குண்டுவீச்சில் தரைமட்டமானது. அதன் பழைய குடிகள் திரும்பி வர அனுமதிக்கப்படவில்லை. இன்று அங்கே பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ரஷ்ய மொழி பேசுகிறவர்கள். ஆற்றின் இந்தக் கரையில் நார்வா கோட்டை, அந்தக் கரையில் ரஷ்யாவின் இவான்கோரோத் கோட்டை. பாலத்தின் முனையில் எல்லைச் சோதனைச்சாவடி.

பழைய குடியரசு தொடர்கிறது என்றால், 1940-க்குப் பிறகு வந்தவர்கள் தாமாகவே குடிமக்கள் ஆகிவிட முடியாது. மொழித் தேர்வு எழுதித்தான் ஆக வேண்டும். 1992-இல் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லை. அவர்களுக்குச் சாம்பல் நிறக் கடவுச்சீட்டு கொடுத்தார்கள். இன்றும் நான்கைந்து சதவீதம் பேர் அப்படி இருக்கிறார்கள். 2025-இல் அரசமைப்பைத் திருத்தி, ரஷ்யக் குடியுரிமை வைத்திருப்பவர்களின் உள்ளாட்சி வாக்குரிமையை எடுத்துவிட்டார்கள். 2024 செப்டம்பர் முதல் ரஷ்ய மொழிப் பள்ளிகளும் படிப்படியாக எஸ்டோனிய மொழிக்கு மாறுகின்றன.

ஏறத்தாழ பத்து லட்சம் பேர் மட்டுமே தாய்மொழியாகப் பேசும் மொழிக்கு உலகில் வேறு வீடு இல்லை. அதனால் பள்ளியை எஸ்டோனிய மொழிக்கு மாற்றுவது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, போதிய ஆசிரியர்களோடு செய்திருக்க வேண்டும். நார்வாவில் பிறந்து, நார்வாவிலேயே உழைத்து, ஐம்பது வயதில் மொழித் தேர்வுக்கு உட்காரும் செவிலியரை எனக்குத் தெரியும். எழுத்துத் தேர்வில் இலக்கணம் அவரை விழவைக்கிறது. பேசிப் பழக ஊரில் எஸ்டோனியர் அதிகம் இல்லை. அந்தச் சுமை முழுவதையும் அவர் தலையில் வைத்ததை நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

கேள்வி (ஏழாம் வகுப்பு மாணவர்): கடல் மேல் கார் ஓட்டுவார்களாமே?

ஆமாம் தம்பி, கடல் உறைந்தால். நிலப்பகுதியில் உள்ள ரோகுகூலாவிலிருந்து ஹீயுமா தீவுக்குப் பனிச்சாலை போட்டால் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் நீளம், ஐரோப்பாவிலேயே நீளமானது. பனிக்கட்டி 20 சென்டிமீட்டருக்கும் மேல் தடித்திருந்தால்தான் திறப்பார்கள். விதிகளைக் கேட்டால் ஆச்சரியப்படுவாய். சீட் பெல்ட் போடக் கூடாது. பனி உடைந்தால் சட்டென்று வெளியே குதிக்க வேண்டுமே! பகலில் மட்டுமே போகலாம், இரண்டு கார்களுக்கு நடுவே 250 மீட்டர் இடைவெளி வேண்டும். வேகம் 25-க்குக் கீழே இருக்கலாம், அல்லது 40 முதல் 70-க்குள் இருக்கலாம். நடுவில் உள்ள வேகம் ஆகாது. கார் போகும்போது பனிக்கு அடியில் உள்ள தண்ணீரில் அலை எழும். அந்த நடுவேகத்தில் போனால் அலையும் காரும் ஒன்றாக ஓடி, அலை பெரிதாகிப் பனியை விரிசல் விடவைக்கும். ஓரத்தில் நட்ட கிளைகளைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும். குளிர்காலம் சூடாகிவருவதால் சில ஆண்டுகளில் சாலை திறப்பதே இல்லை.

சோமா தேசியப் பூங்காவில் இன்னொன்று உண்டு. வசந்தத்தில் பனி உருகிக் காடும் வயலும் சாலையும் வெள்ளத்தில் மூழ்கும். ஐந்தாம் பருவம் என்று அதற்குப் பெயர். அங்கே ஒற்றை ஆஸ்பென் மரத்தைக் குடைந்து, நெருப்பு அனலில் காட்டி, மெல்ல மெல்லப் பக்கங்களை விரித்துப் படகு செய்வார்கள். அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும். செய்யத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டதால் 2021-இல் யுனெஸ்கோ அதைக் காக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி (இல்லத்தரசி ஒருவர்): மக்கள் என்ன பயிரிடுகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள்?

கோதுமைக்கு உறவான ரை தானியத்தில் செய்த கறுப்பு ரொட்டி இல்லாமல் சாப்பாடு கிடையாது. உருளைக்கிழங்கு, பன்றி இறைச்சி, புளித்த முட்டைக்கோஸ், ஹெர்ரிங் மீன். பயிரில் எனக்குப் பிடித்தது பெய்ப்சி ஏரிக்கரை வெங்காயம். ரஷ்யத் தேவாலயத்தின் 17-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தை ஏற்காமல் தப்பிவந்த பழைய நம்பிக்கையாளர்கள் அந்தக் கரையில் குடியேறினார்கள். ஒரே தெருவாக நீளும் ஊர்கள். வீட்டுக்கு வீடு உயரமாக மண் அணைத்த பாத்திகள். ஆகஸ்ட், செப்டம்பரில் தாளைப் பின்னிச் சரமாக்கி வாசலில் தொங்கவிட்டு விற்பார்கள். தங்க நிறம், கெட்டித் தோல், அடுத்த வசந்தம் வரை அழுகாது. வெங்காயத்தோலை நிறத்துக்குக் கொதிக்கவைத்து, ஈஸ்டர் முட்டைக்குச் சாயமும் ஏற்றுவார்கள்.

கேள்வி (பலர் கேட்டது): உக்ரைன் போருக்குப் பிறகு அங்கே பயமாக இல்லையா?

பயத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, ஏற்பாடு செய்கிறார்கள். ஆண்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி எப்போதும் இருந்தது. தன்னார்வப் பாதுகாப்புப் படையில் சேர்வோர் பெருகியிருக்கிறார்கள். வார இறுதியில் காட்டில் பயிற்சி முடித்துவிட்டு, திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்துக்கு வந்து சோதனைக்குழாய் கழுவுகிறவர் எங்களிடமே இருக்கிறார். 2025 பிப்ரவரி 8 அன்று மூன்று பால்டிக் நாடுகளும் சோவியத் காலம் முதல் ரஷ்யாவோடு பிணைந்திருந்த மின்கட்டமைப்பைத் துண்டித்துக்கொண்டன. மறுநாள் போலந்து வழியாக ஐரோப்பியக் கட்டமைப்பில் சேர்ந்தன. அன்று எல்லார் வீட்டிலும் மெழுகுவர்த்தி தயாராக இருந்தது, விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை.

1940-இல் கற்றுக்கொண்ட பாடத்தை இவர்கள் மறக்கவில்லை. நிலப்பதிவு, மக்கள்தொகைப் பதிவேடு, நிறுவனப் பதிவேடு போன்ற முக்கியமான அரசு ஆவணங்களின் நகல்கள் லக்சம்பர்க்கில் உள்ள கணினிகளில் வைக்கப்பட்டிருக்கின்றன. 2017-இல் செய்த ஒப்பந்தப்படி, தூதரகத்துக்கு உள்ள அதே சட்டப் பாதுகாப்பு அந்த அறைக்கும் உண்டு. இந்த மண்ணில் எது நடந்தாலும், எந்த வீடு யாருடையது, யார் குடிமகன் என்பதை அங்கிருந்தே காட்ட முடியும்.